மூடிய கதவும் மீளும் காற்றும்

படுக்கைக்கெனத் தனியறை வகுத்து, அதன் கதவைத் தாழிட்டு உறங்கும் வழக்கம் நம் ஊர்ப்புற வீடுகளில் பரவலாக இருந்ததன்று. வேனிற்காலத்தில் திண்ணையும் முற்றமும் மொட்டைமாடியும் நமக்குப் படுக்கையறைகளாயின. மழைக்காலத்தில் கூடமே வீட்டார் அனைவருக்கும் பொதுவாயிற்று. பிழைப்பை நாடியும் கல்வியை நாடியும் பிற மாநிலங்களுக்குச் சென்ற நம்மவர்க்கோ வாய்த்த வீடு வேறு வகையானது. நாற்புறமும் சுவர், ஒரு புறம் மட்டும் சன்னல், ஓர் ஒற்றைக் கதவு, அதற்குள்ளேயே குளியலறை. இத்தகைய அறையில் கதவைச் சாத்தியபின் காற்று என்ன ஆகிறது என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

பெங்களூர் நகரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஊர் அது. 1809இல் ஆங்கிலேயர் அங்குப் படைவீடு அமைத்தபோதே, சிப்பாய்களாகவும் தச்சராகவும் வணிகராகவும் சென்ற தமிழர் அல்சூரிலும் அதனைச் சூழ்ந்த பேட்டைகளிலும் குடியேறினர். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருத்தலின் இவ்வூரின் இரவுகள் குளிர்ந்தவை. மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பம் 15 அல்லது 16 பாகைக்கு இறங்குவது இயல்பு. சென்னையில் சன்னலைத் திறந்து வைத்து உறங்கியவர் பெங்களூருக்கு வந்தவுடன் அதனைச் சாத்தப் பழகிவிடுகிறார். குளிரோடு கொசுவும், தெருவின் இரைச்சலும், கட்டடவேலைப் புழுதியும் சேர்ந்துகொண்டால் சன்னல் ஆண்டு முழுவதும் மூடியே கிடக்கிறது. இந்நாளைய அலுமினியச் சறுக்குச் சன்னல்கள் முழுதும் திறந்தாலும் பாதியளவே திறப்பவை. அப்பாதியிலும் கொசுவலை நிற்கிறது.

அவ்வறையில் இருவர் எட்டு மணி நேரம் உறங்குவதாகக் கொள்வோம். நீளம் 3.6 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்றால் அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 32 கனமீட்டர். அதாவது 32,000 லிட்டர். உறங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 11 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். இருவர்க்கும் 22 லிட்டர். ஆகவே காற்றுப் புகாத அறையாயின் பத்து லட்சம் பங்கு காற்றில் மணிக்கு ஏறக்குறைய 680 பங்கு வீதம் கரியமில வாயு கூடிக்கொண்டே போகும். வெளிக்காற்றில் இந்நாளில் அது 420 பங்குக்குச் சற்று மேல் இருக்கிறது. விடியும்போது கணக்குப்படி 5,000 பங்கைத் தாண்டிவிடும். உண்மையில் எந்தக் கதவும் எந்தச் சன்னலும் முற்றக் காற்றடைப்பு உடையதன்று. ஆதலின் அவ்வளவு ஏறுவதில்லை. எனினும் சாத்திய அறையில் 2,000, 3,000 பங்கு காண்பது அரிதன்று.

ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் பெட்டன்கோபர் 1858இலேயே, மக்கள் வாழும் அறையில் இவ்வாயு பத்து லட்சத்தில் 1,000 பங்குக்கு மேற்படலாகாது என்று வரம்பு கூறினார். அவர் அதனை நஞ்சென்று கருதி அவ்வாறு கூறவில்லை. மூச்சோடும் வியர்வையோடும் வெளிப்படும் பிற அழுக்குகளை அளப்பது கடினம். கரியமில வாயுவை அளப்பது எளிது. அது மிகுந்திருந்தால் மற்றவையும் மிகுந்திருக்கும் என்பது அவர் கண்ட வழி. அவ்வளவுகோல் இன்றும் பயன்பட்டு வருகிறது. டென்மார்க்கில் மாணவர் விடுதி அறைகளில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அறைக்காற்று இரவில் புதுப்பிக்கப்பட்டபோது உறக்கமும் மறுநாளைய மனக்கூர்மையும் மேம்பட்டன என்று காட்டியது. காலையில் எழும்போதே தலைபாரமும் சோம்பலுமாக இருக்கிறது என்று குறைப்படும் அன்பர்கள், காப்பியின் தரத்தை ஐயுறுமுன் கதவை ஐயுறலாம்.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. உலகில் ஆண்டுதோறும் காசநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். அந்நோய் பரவுவது ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் உள்ளிழுப்பதால். வீட்டில் ஒருவர்க்கு இருமல் இருந்து, நோய் இன்னதென்று அறியப்படாமல் சில மாதங்கள் கழியுமாயின், அதே அறையில் உறங்கும் குழந்தைக்குக் காற்றோட்டமே காவல்.

இனி, காற்று எவ்வாறு செல்கிறது என்பதைக் காண்போம். எண்ணெய் டின்னை உடைக்கும் கடைக்காரர் ஒரு துளையோடு நிறுத்துவதில்லை. எதிர்மூலையில் மற்றொரு துளையும் இடுகிறார். எண்ணெய் வெளிவர வேண்டுமாயின் அதன் இடத்திற்குக் காற்று உட்புக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அறையும் அத்தகைய டின்னே. வந்த அளவு காற்று வெளியே செல்லவும், சென்ற அளவு வரவும் வழி வேண்டும். சன்னல் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டுக் காற்று வரவில்லையே என்று வருந்துவோர் இரண்டாந் துளையை மறந்தவர்கள். அறையின் இரண்டாந் துளை பெரும்பாலும் கதவுதான். அதனைச் சாத்தியவுடன் காற்றின் மீள்வழி அடைபடுகிறது.

மின்விசிறி சுழல்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். விசிறி உள்ளிருக்கும் காற்றையே சுழற்றுகிறது; ஒரு பிடி புதுக்காற்றையும் கொணர்வதில்லை. சுவரில் மாட்டும் குளிர்சாதனப் பெட்டியும் பெரும்பாலும் அவ்வாறே. வெளியில் ஒரு பகுதி, உள்ளே ஒரு பகுதி என்று இருப்பதால் வெளிக்காற்று வருகிறது என்று பலர் எண்ணுகின்றனர். இரண்டுக்கும் இடையே செம்புக் குழாயில் ஓடுவது குளிரூட்டும் வேதிப்பொருளே, காற்றன்று. காற்று குளிர்ந்திருப்பதைத் தூய்மை என்று உடம்பு மயங்குகிறது.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். சன்னலுக்குத் தமிழில் வழங்கிய பழஞ்சொல் காலதர் என்பது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் இச்சொல்லைக் காணலாம். வெளிச்சத்தைக் கருதாமல் காற்றைக் கருதிப் பெயரிட்டிருக்கின்றனர்.

பெங்களூருக்கோ இப்பாடம் பெருந்துன்பத்தின் வழியே வந்தது. 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொள்ளைநோயாகிய பிளேக், ஹூப்ளியிலிருந்து இரயில் வழியாக நகரை அடைந்தது. பழைய பேட்டையிலும் படைவீட்டுப் பகுதியிலும் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. பல அறைகளுக்குச் சன்னலே இல்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், எஞ்சியோரில் பலர் ஊரை விட்டு ஓடினர். அதன்பின் நகரமைப்போர் மனம் மாறிற்று. பசவனகுடியும் மல்லேசுவரமும் அகன்ற நேர்த்தெருக்களோடும், வீட்டின் பின்புறம் துப்புரவுக்கென விட்ட சந்துகளோடும் வளர்ந்தன. படைவீட்டுப் பகுதியில் நெரிசலைக் குறைக்க எழுந்த பிரேசர் டவுன், இந்நாளில் புலிகேசி நகர் என வழங்குவது, பிளேக் அணுகாத நகராக இருத்தல் வேண்டும் என்னும் கருத்தோடு அமைக்கப்பட்டது.

இதில் ஒரு விந்தை உண்டு. பிளேக் கெட்ட காற்றினால் வருகிறது என்றே அக்காலத்தில் பலர் நம்பினர். எலித்தெள்ளே அதனைப் பரப்புகிறது என்பதை அதே 1898இல் பால் லூயி சைமண்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் சோதித்துக் கண்டார். உலகம் அதனை ஏற்கச் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே காற்றுக்காகத் திறந்த சன்னல்கள் பிளேக்கை நேரே தடுத்தன என்று கூற இயலாது. தவறான காரணத்திற்காகச் செய்த நற்செயல் அது. காசநோய்க்கும் நெஞ்சுநோய்க்கும் எதிராக அச்சன்னல்கள் ஆற்றிய தொண்டோ மெய்யானது.

அக்காலத்துப் பெங்களூர் வீட்டைப் பார்த்தவர்க்கு அதன் அழகு நினைவிருக்கும். மங்களூர் ஓடு வேய்ந்த உயர்ந்த கூரை. சன்னலின் தலைமேல் மரச்சட்டங்களால் ஆன கூர்முனை முகப்பு. ‘மங்கி டாப்’ என்று அவ்வூரார் அழைப்பர். மழையையும் வெயிலையும் தடுத்துக் காற்றை மட்டும் விடும் வேலைப்பாடு அது. வெளியிலிருந்து பார்ப்போர் அதனைக் கண்டு வியந்து செல்வர். நாம் கூற விரும்புவதோ உள்ளே இருந்த ஓர் எளிய பொருளை. ஒவ்வோர் அறைக்கதவின் நிலைக்கு மேலும், கூரையை ஒட்டிய வெளிச்சுவரிலும் சிறு திறப்பு ஒன்று இருந்தது. நடுவில் அச்சுக் கொண்டு சுழலும் கண்ணாடிக் கதவு. அதனைத் திறக்கவும் மூடவும் தொங்கும் கயிறு. வெண்டிலேட்டர் என்று நம்மவர் வழங்கினர். அறைக்கதவு சாத்தியிருந்தாலும் காற்று வீடு முழுவதும் உலவ இதுவே மீள்வழி.

இதன் ஆற்றலைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். அறைக்குள் 25 பாகை வெப்பம், வெளியில் 17 பாகை என்க. வெப்பக்காற்று இலேசானது, மேலே எழும். கீழே ஒரு திறப்பும் அதற்கு 2 மீட்டர் மேலே வெளிச்சுவரில் ஒரு திறப்பும், ஒவ்வொன்றும் அரை மீட்டர் நீளமும் 10 செண்டிமீட்டர் உயரமும் உடையனவாக இருந்தால், விசிறியும் மின்சாரமும் இன்றியே மணிக்கு 75 கனமீட்டருக்குக் குறையாத காற்று அறை வழியே ஏறிச் செல்லும். இருவர் உறங்கும் அறையில் பெட்டன்கோபரின் வரம்பைக் காக்க மணிக்கு 38 கனமீட்டர் போதும். கீழ்த்திறப்பு தனியே இல்லாமல் கதவின் அடியிலுள்ள இடுக்கு மட்டுமே இருக்குமாயின்? 90 செண்டிமீட்டர் அகலமுள்ள கதவின் அடியில் 1 செண்டிமீட்டர் இடுக்கு இருந்தால் 20 கனமீட்டர்; 2 செண்டிமீட்டர் இருந்தால் 38 கனமீட்டருக்கு மிக அண்மையில் வந்துவிடுகிறது. கூடத்துச் சன்னல் திறந்திருந்து, அங்குள்ள காற்று வெளிக்காற்றைப் போலவே குளிர்ந்திருக்கும் இரவுக்கு உரிய கணக்கு இது. காற்று வீசும் இரவில் இன்னும் கூடும். வெப்ப வேறுபாடு குன்றிய சித்திரை இரவில் குறையும். கதவடியில் ஒரு விரற்கிடை கூடுவதும் குறைவதும் இவ்வளவு வேறுபாட்டை விளைக்கிறது. ஆனால் நம்மில் பலர் பல்லியும் பூச்சியும் வரும் என்று அந்த இடுக்கையும் துணித்திரி வைத்து அடைத்துவிடுகிறோம்!

அடுக்குமாடி வீடுகள் பெருகியபின் கதவுக்கு மேலிருந்த திறப்பு மறைந்தது. கூரை தாழ்ந்தது, கதவின் மேல் பரண் வந்தது, ஒலி கேட்கும், தனிமை கெடும், குளிர்சாதனத்தின் குளிர் வீணாகும் என்று அடைத்தனர். பழைய வீடுகளிலும் அத்திறப்புகளுக்குப் பலகை அடித்தவர் பலர். நாட்டின் கட்டட விதித்தொகுப்பு தரைப்பரப்பில் இத்தனையில் ஒரு பங்கு சன்னல் இருக்க வேண்டும் என்று தட்பவெப்பத்திற்கு ஏற்ப வகுத்துக் கூறுகிறது. சன்னல் வைத்துவிட்டால் விதி நிறைவேறியது. அதைத் திறப்பார் உண்டா என்பதை எந்த விதியும் வந்து பார்ப்பதில்லை.

பெங்களூரின் புறநகர்ப் பெரிய வீடுகள் சிலவற்றில் மற்றொரு முறை வந்திருக்கிறது. ஒரே குளிர்சாதன எந்திரம் குழாய்கள் வழியே எல்லா அறைகளுக்கும் காற்றைத் தள்ளும். அக்காற்றை மீண்டும் இழுத்துக்கொள்ளும் வாயோ கூடத்தில் ஒன்று மட்டும் இருக்கும். அறைக்கதவு திறந்திருக்குமட்டும் குறையொன்றுமில்லை. கதவைச் சாத்தினாலோ தள்ளப்பட்ட காற்று திரும்ப வழியின்றி அறையில் அழுத்தம் ஏறுகிறது. கூடத்தில் அழுத்தம் குறைகிறது. அறையில் குளிர் குன்றும். சன்னல் இடுக்குகள் வழியே குளிர்ந்த காற்று தெருவுக்குப் போகும். கூடமோ அதற்கு ஈடாகப் புழுதியையும் சமையற்புகையையும் கிடைத்த வழியெல்லாம் உறிஞ்சும். மின்கட்டணம் ஏறுவதன் காரணம் விளங்காமல் வீட்டார் எந்திரத்தைப் பழிப்பர்.

இவ்வேறுபாடு 3 பாஸ்கலுக்கு மேற்படலாகாது என்பது இத்துறையினர் கொள்ளும் வழக்கமான வரம்பு. 3 பாஸ்கல் என்பது மிகச் சிறிய அழுத்தமே; கதவு முழுவதன்மேலும் சேர்ந்து அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடை அழுத்துவது போன்றது. அவ்வழுத்தத்தில் கதவடியில் உள்ள 1 செண்டிமீட்டர் இடுக்கு மணிக்கு 45 கனமீட்டர் காற்றை விடும். எந்திரம் அறைக்கு அனுப்புவதோ 250 கனமீட்டராக இருக்கலாம். அவ்வளவும் திரும்ப வேண்டுமானால் 5 செண்டிமீட்டருக்கு மேல் இடுக்கு விட வேண்டும். அத்தகைய கதவின் கீழே பூனை நுழையும். ஆகவே கதவின் மேலோ சுவரிலோ, 90 செண்டிமீட்டர் நீளமும் 10 அல்லது 12 செண்டிமீட்டர் உயரமும் உடைய சட்டமிட்ட திறப்பு ஒன்று அமைப்பதே முறை. சட்டங்கள் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே இவ்வளவு கூறினோம். புதிய எந்திரம் தேடிச் சென்றவர்கள் பாட்டன் வீட்டு வெண்டிலேட்டருக்கே திரும்பி வருகின்றனர்!

ஒலி புகும் என்று அஞ்சுவோர், அறைப்புறத்தில் ஓரிடத்தும் கூடத்துப்புறத்தில் வேறோரிடத்துமாகத் திறப்பு வைத்து, இரண்டையும் பொய்க்கூரைக்கு மேலே வளைந்த தகரக் குழாயால் இணைக்கலாம். குழாயின் உட்புறம் ஒலியுறிஞ்சும் பஞ்சுப் பலகை ஒட்டினால் காற்று வளைந்து செல்லும்; பேச்சு அவ்வளவு எளிதாகச் செல்லாது. மற்றொன்றையும் மறைக்கலாகாது. தீ நேர்ந்தால் மூடிய கதவு புகையைச் சிறிது நேரம் தடுத்து உயிர் காக்கும். திறப்பு அக்காவலைக் குறைக்கும். ஆதலின் மூடக்கூடிய திறப்பும், புகை கண்டு ஒலிக்கும் கருவியும் இருப்பது நன்று.

இனிக் கூறுவது தலைபாரத்தையும் மின்கட்டணத்தையும் விடக் கொடியது. படுக்கையறையை ஒட்டிய குளியலறையில் எரிவாயுவால் நீர் காய்ச்சும் கெய்சர் மாட்டும் வழக்கம் பெங்களூரில் மிகுதி. காற்று போதாத இடத்தில் எரிவாயு எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்கிறது. கதவைத் தாழிட்டு நீராடச் சென்றவர் சில நிமிடங்களில் மயங்கி விழுந்து மாண்ட செய்திகள் அந்நகரின் நாளிதழ்களில் குளிர்காலந்தோறும் மீண்டும் மீண்டும் வந்துள்ளன. இளந்தம்பதியர் இருந்திருக்கின்றனர், தாயும் பிள்ளையும் இருந்திருக்கின்றனர்.

இங்கும் மீள்வழி பற்றிய கேள்வியே எழுகிறது. காற்றை வெளித்தள்ளும் விசிறி குளியலறையில் இருந்தால் போதும் என்று எண்ணுவது பிழை. குளியலறைக் கதவும் படுக்கையறைக் கதவும் சன்னலும் சாத்தியிருந்தால் அவ்விசிறி எதை வெளித்தள்ளும்? உட்புக வழி இல்லாதபோது அது வெறுமனே சுழலும். புகைபோக்கிக் குழாய் இருந்தால் அதன் வழியே வெளியேற வேண்டிய நச்சுப்புகையையே உள்ளே இழுத்தாலும் இழுக்கும். சமையலறையின் பெரிய விசிறியும், கூடத்தில் காற்றிழுக்கும் எந்திரமும் இதே தீங்கைத் தொலைவிலிருந்தே செய்யக்கூடும். ஆகவே எரிவாயுக் கெய்சர் குளியலறைக்கு உள்ளே இருத்தலே ஆகாது. அதனை வெளிச்சுவரில், திறந்த வெளியில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொணர்க. வாடகை வீட்டில் முன்பே மாட்டியிருந்தால் வீட்டுக்காரரிடம் அஞ்சாமல் கேட்க. மாற்றித் தரும்வரை வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு, கெய்சரை அணைத்தபின் நீராடுக. தில்லியில் வாழும் அன்பர்கள் குளிருக்காக அங்கீட்டி என்னும் கரியடுப்பை மூடிய அறையில் வைத்து உறங்குவதும் இவ்வகையே. அதற்கு எந்த இடுக்கும் ஈடாகாது. அவ்வடுப்பை அறையை விட்டு அகற்றுவதே வழி.

உங்கள் அறையில் மீள்வழி உண்டா என்று அறிய ஓர் ஊதுபத்தி போதும். இரவில் வழக்கம்போல் கதவையும் சன்னலையும் அமைத்து, விசிறியை நிறுத்தி, ஊதுபத்தியைக் கதவடியில் பிடித்துப் பாருங்கள். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் காற்று செல்கிறது. நேரே மேலே எழுந்தால் செல்லவில்லை. குழாய்வழிக் குளிர்சாதனம் உள்ளவர், எந்திரம் ஓடும்போது கதவை மூன்று விரல் அகலம் மட்டும் திறந்து விட்டுப் பார்க்க. தானே மூடிக்கொள்ளவோ திறந்துகொள்ளவோ அது முயலுமாயின் மீள்வழி போதவில்லை என்று கொள்ளலாம்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க விடமாட்டார்கள். கதவைக் கழற்றி அடிப்புறத்தை இழைப்புளியால் ஒரு செண்டிமீட்டர் குறைக்கவும் சில வீட்டுக்காரர் இணங்கார். துணித்திரியை எடுத்துவிடுவதற்கு எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. குளியலறையின் உயரத்தில் உள்ள சிறு கண்ணாடிச் சட்டங்களை இரவில் திறந்து வைத்து, அக்கதவையும் சிறிது திறந்து விட்டால் மேல்திறப்பு கிடைத்துவிடும். கூடத்துச் சன்னலில் ஒரு சாண் திறந்திருக்கட்டும். கொசுவலையை மாதம் ஒருமுறை கழுவுக. புழுதி அடைந்த வலை சுவருக்கு ஒப்பு. குழந்தைகளும் முதியோரும் குளிர்காற்று நேரே படாதவாறு கட்டிலைச் சற்று விலக்கிப் போடுவது நம் கையில் உள்ளது.

மல்லேசுவரத்தில் நம் நண்பர் ஒருவர் பழைய ஓட்டுவீட்டில் வாடகைக்கு இருக்கிறார். இரு குளிர்காலம் காலைத் தலைவலியோடு கழித்தபின், கதவுக்கு மேலே பலகை அடித்து வண்ணம் பூசியிருந்த இடம் அவர் கண்ணில் பட்டது. தச்சரை அழைத்தார். பலகையைப் பெயர்த்து, பல ஆண்டு வண்ணத்தில் இறுகிக் கிடந்த வெண்டிலேட்டரைச் சுரண்டிச் சுழலச் செய்ய அரை நாள் ஆயிற்று. கயிறு மட்டும் இற்றுப் போயிருந்தது; புதிதாகக் கட்டினார். தலைவலி இப்போது இல்லை என்கிறார். ஒரே குறை, அவருடைய மாமியார் விடியற்காலையில் கூடத்தில் வைக்கும் வானொலி படுக்கையறையில் முழுதும் கேட்கிறதாம்.